இரண்டாம் உலகப்போர்: பயிற்சி முகாமில் ஒரு தமிழ் இளைஞனின் அன்றாடம் எப்படி இருந்தது?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். என் தாயைப் பெற்ற தாத்தா 1942 நவம்பரில் பட்டாளத்தில் சேர்ந்தவர். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய பணிச் சான்றுத் தாள்கள் இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. மதுக்கரை என்ற ஊர்ப்பெயரும், சேர்ந்தபோது எடுத்த எடையும், சில மாதங்கள் கழித்து எடுத்த எடையும், ரோமன் உருதுத் தேர்வில் தேறிய குறிப்பும் அவற்றில் உள்ளன. துப்பாக்கி சுடுதலைப் பற்றி ஒரு வரியும் இருக்கிறது.

போரைப் பற்றிய நூல்களைப் புரட்டினால் இம்பால், கோஹிமா, மாண்டலே என்று களங்களின் வரலாறு நிறையக் கிடைக்கிறது. அந்தக் களங்களுக்குப் போவதற்கு முன் ஏர் பிடித்த கையோடு வந்த பதினெட்டு வயதுப் பையன் முகாமில் எப்படி விழித்தான், என்ன உண்டான், யாரிடம் என்ன கற்றான், இரவில் எதை நினைத்துப் படுத்தான் என்பதை யாரும் விரிவாகச் சொல்வதில்லை. எங்கள் ஊரிலிருந்து போன பட்டாளத்துக்காரர்களைப் பற்றி ஒரு சிறு தொகுப்பு எழுத எண்ணியிருக்கிறேன். வீரதீரக் கதைகளை விட்டுவிட்டு, அந்த மாதங்களின் சாதாரண நாள் எப்படி இருந்தது என்பதை மட்டும் இங்கே பேச முடியுமா?

ஏடுகள்:

மிகவும் தேவையான கேள்வி. முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த முகாமின் பரபரப்பு விளங்காது. முதல் உலகப்போருக்குப் பிறகு மதராஸ் காலாட்படைப் பட்டாலியன்கள் படிப்படியாகக் கலைக்கப்பட்டன. வடமேற்கு மாகாணங்களின் சில வகுப்பினரே போருக்குத் தகுந்தவர்கள் என்ற "வீர இன" கோட்பாட்டை ஆங்கிலேய ராணுவம் நம்பியதே அதற்குக் காரணம். 1939இல் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் 1945இல் இருபத்தைந்து லட்சம் அளவுக்கு வளர்ந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமலே இவ்வளவு பெரிய படையைத் திரட்ட வேண்டியிருந்ததால், பழைய கோட்பாட்டை வைத்துக்கொண்டு காலந்தள்ள முடியவில்லை. மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உயிர்பெற்றது. ஆள் கொடுத்த மாகாணங்களில் பஞ்சாபுக்கு அடுத்த இடத்துக்கு மதராஸ் மாகாணம் வந்துவிட்டது. அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையம் போர்க்காலத்தில் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில் இருந்தது. 1947இல்தான் வெலிங்டனுக்குப் போனது. உங்கள் தாத்தாவின் தாளில் உள்ள ஊர் பொருந்திவருகிறது.

இனி நாளுக்கு வருவோம். விடியும் முன் பியூகிள் ஒலிக்கும். படுக்கையைச் சுருட்டி, போர்வையைக் குறிப்பிட்ட மடிப்பில் மடித்து வைத்துவிட்டு உடற்பயிற்சிக்கு ஓட வேண்டும். பிறகு தேநீரும் காலை உணவும். அதன்பின் வெயில் ஏறும் வரை டிரில். ஒரு தப்படி முப்பது அங்குலம், நிமிடத்துக்கு நூற்றிருபது தப்படி என்பது அக்காலத்து விரைநடைக் கணக்கு. வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்தே பழகிய கால்களுக்கு, பக்கத்திலிருப்பவனோடு அளவு பிசகாமல் நடப்பதே முதல் பெரிய பாடமாக இருந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே சுற்றும் கம்பளிக் காற்பட்டி இன்னொரு பாடம். இறுக்கிக் கட்டினால் கால் மரத்துப்போகும், தளர்த்திக் கட்டினால் நடுப் பரேடில் அவிழ்ந்து விழும். நண்பகலுக்குப் பிறகு ஆயுத வகுப்பும் எழுத்து வகுப்பும், மாலையில் விளையாட்டும், இருட்டியதும் ஆள் கணக்கெடுப்பும், விளக்கணைப்பும் நடக்கும். முகாமுக்கு முகாம் நேரம் முன்பின் மாறலாம், வரிசை பெரும்பாலும் இதுதான்.

த்ரீநாட்த்ரீ:

நான் காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் தாத்தா தூக்கிய அதே வகை 303 ரைபிளைத்தான் நாங்களும் பல்லாண்டுகள் தூக்கினோம். ஆகவே துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சுடுவதற்குச் செலவான நேரத்தைவிட அதைத் துடைப்பதற்குச் செலவான நேரமே மிக அதிகம் என்பதை எழுத மறந்துவிடாதீர்கள். ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ள அந்த ரைபிளின் கட்டைப் பகுதியின் அடியில் பித்தளை மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே ஒரு சிறு எண்ணெய்ப் புட்டியும், நுனியில் பித்தளை எடை கட்டிய கயிறும் இருக்கும். அந்தக் கயிற்றுக்குப் புல்த்ரூ என்று பெயர். நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் அளவில் கிழித்த பிளானல் துணியைக் கயிற்றின் கண்ணியில் செருகி, எடையைத் தோட்டா வைக்கும் அறைப் பக்கமாகக் குழலுக்குள் இறக்கி, வாய்ப்பக்கம் வந்ததும் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுத்தாலோ, கயிறு குழலின் விளிம்பில் உராய்ந்தாலோ பயிற்றுநருக்குக் கோபம் வரும், ஏனென்றால் அந்த உராய்வு நாளடைவில் குழலைத் தேய்த்துக் குறியைக் கெடுத்துவிடும்.

சுட்ட நாளில் வேலை இரட்டிப்பாகும். அக்காலத் தோட்டாவின் தீப்பொறி மருந்து குழலுக்குள் ஒருவகை உப்பைப் படியவிடும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் துருவை உண்டாக்கிவிடும். எண்ணெய்க்கு உப்பு கரையாது. அதனால் கொதிக்கும் நீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, பிறகே எண்ணெய் இட வேண்டும். மழைக்காலத்தில் இதை மறுநாளும் அதற்கடுத்த நாளும் செய்ய வேண்டியிருக்கும்.

ஆய்வின்போது தோட்டா அறையின் வாயில் கட்டைவிரல் நகத்தைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்வார்கள். நகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் குழலின் உட்புறத்தை வெளுக்கக் காட்டும். மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் ஹவில்தாருக்கு ஒரு நூலிழை கிடந்தாலும் தெரிந்துவிடும். அந்த ஒரு நூலிழைக்காக மாலை விளையாட்டை இழந்து, முதுகில் சுமையோடு மைதானத்தைச் சுற்றியவர்கள் எல்லாப் பட்டாளத்திலும் உண்டு.

நொய்யல்:

விவரங்கள் நன்றாக இருக்கின்றன. இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1942 ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் நிறைவேறி, தலைவர்கள் அனைவரும் சிறைக்குள் இருந்த நேரம் அது. அந்த ஆண்டு நவம்பரில் ஒருவர் ஆங்கிலேயரின் படையில் சேர்ந்தார் என்றால், அதற்குப் பின்னால் இருந்தது பசியா, கடனா, ஊரில் இருந்த சாதிக் கொடுமையா என்பதை முதலில் கேட்க வேண்டும். பர்மா ஜப்பானியர் வசம் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுவிட்டது. ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை நகரமே பாதி காலியானது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. போர் தொடங்கியபோது சிப்பாயின் மாதச் சம்பளம் பதினாறு ரூபாய், பிறகு பதினெட்டு ஆனது. அவனோடு தோளோடு தோள் நின்ற ஆங்கிலேயச் சிப்பாய்க்குக் கிடைத்தது இதைப்போல் பல மடங்கு.

துப்பாக்கியைப் பளபளப்பாகத் துடைத்ததைப் பற்றி எழுதும்போது, அந்தத் துப்பாக்கி யாருடைய போருக்காகத் துடைக்கப்பட்டது என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இழையைத் தொடங்கியவரின் தாத்தாவைக் குறைத்துச் சொல்லும் நோக்கம் எனக்குத் துளியும் இல்லை.

அல்சூர்வாசி:

நொய்யல் அவர்களே, உங்கள் கேள்வி நியாயமானது. பசிதான் பலரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. அதனாலேயே முகாமின் சமையற்கட்டைப் பற்றி நாம் கூடுதலாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். என் தந்தையார் போர்க்காலத்தில் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்கள் எனப்படும் ராணுவப் பொறியியல் படையினரிடம் பயிற்சி பெற்றவர். முகாமைப் பற்றி அவரிடம் எப்போது கேட்டாலும் முதலில் லங்கர் என்ற பட்டாளத்துச் சமையற்கூடத்தைப் பற்றித்தான் பேசுவார். சண்டையைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

தம்பி பொருநைக்கரை, உங்கள் தாத்தாவின் தாளில் எடை இரண்டு முறை எழுதப்பட்டிருப்பதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். ஆள்சேர்ப்புக்கு வந்த கிராமத்து இளைஞர்களில் ஏராளமானோர் குறிப்பிட்ட எடைக்குக் கீழே இருந்தார்கள். வேளாவேளைக்கு உணவு கொடுத்தால் சில மாதங்களிலேயே அவர்கள் எடை கூடிவிடுகிறார்கள் என்பதை ராணுவ மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே சேரும்போது எடை குறைவாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அந்தப் பையன்களின் உடம்பில் குறை எதுவும் இல்லை, வீட்டு அடுப்பில்தான் குறை இருந்தது என்பதை அரசே தன் பதிவேட்டில் எழுதிவைத்ததற்குச் சமம் இது. நொய்யல் கேட்கும் அரசியலும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

பருப்பு, காய்கறி, சர்க்கரை, தேநீர், வாரத்தில் சில நாள் இறைச்சி என்று கிடைத்தது பலருக்கு வாழ்க்கையில் முதன்முறை. சிக்கல் அரிசியில் வந்தது. நொய்யல் சொன்ன அதே பர்மா வீழ்ச்சியால் அரிசி அருகிப்போய், தென்னிந்தியச் சிப்பாய்களைக் கோதுமைக்குப் பழக்க முயன்றார்கள். சப்பாத்தி தின்ற வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது என்று என் தந்தையார் சொல்வார். நெய் கிடைக்காதபோது வனஸ்பதி வந்தது. தட்டில் விழுந்ததைப் பற்றிய முணுமுணுப்பு, எந்தப் பரேடைப் பற்றிய முணுமுணுப்பைவிடவும் அதிகமாக இருந்ததாம்.

தான் மூன்று வேளை உண்ணும்போது வீட்டில் என்ன வேகிறது என்ற நினைப்புதான் அவர்களைத் தூங்கவிடவில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. மணியார்டர் போய்ச் சேர்ந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்த அதிகாரிகள், அவற்றில் எதைப் பற்றிய கவலை மிகுதி என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பி வந்தார்கள். ஊரில் ஏறும் விலைவாசியும், உணவுத் தட்டுப்பாடும், அனுப்பிய பணம் கிடைக்கவில்லை என்ற ஏக்கமுமே அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

பொருநைக்கரை:

ஐயா, மிக்க நன்றி. எடையை இப்படிப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. ரோமன் உருதுத் தேர்வைப் பற்றியும் யாராவது விளக்க முடியுமா? தாத்தா தமிழில் கையெழுத்து மட்டுமே போடுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

ஏடுகள்:

பல மொழிக்காரர்கள் சேர்ந்த படைக்குப் பொதுமொழி ஒன்று தேவைப்பட்டதால், உருதுவை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறையை இந்திய ராணுவம் கைக்கொண்டது. பாரசீக எழுத்தையோ நாகரியையோ கற்பிக்க நேரமில்லை என்பதும், ஆங்கில அதிகாரிகளுக்கும் அது வசதி என்பதும் காரணங்கள். டிரில் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆக, தமிழ் மட்டும் அறிந்த இளைஞன் கட்டளையை ஒரு மொழியில் கேட்டு, விளக்கத்தை இன்னொரு மொழியில் வாங்கி, தன் தோழனிடம் சந்தேகத்தைத் தமிழில் கேட்டுத் தெளிந்திருப்பான். வகுப்பில் ஒருவருக்குப் புரிந்துவிட்டால் இரவில் அவரைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்துவிடுவார்கள்.

தேர்வுக்குப் படிநிலைகள் உண்டு. அதில் தேறினால்தான் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று மேலே போக வழி பிறக்கும். ராணுவம் நடத்திய "ஃபௌஜி அக்பார்" என்ற வார இதழ் தமிழிலும் வெளிவந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பது வழக்கம். தாய்மொழியில் எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத ஒருவருக்கு அயல்மொழி ஒன்றில், அதுவும் அயலெழுத்தில், முதல் எழுத்தறிவு கிடைத்தது. இதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. ஊர்ப் பள்ளிக்கூடம் செய்திருக்க வேண்டிய வேலை அது.

நொய்யல்:

எடையையும் எழுத்தையும் பற்றிச் சொன்னவை என் கேள்விக்குப் பெரும்பகுதி விடையாகிவிட்டன, ஏற்கிறேன். ஆனால் பயிற்சி போதுமான அளவு தரப்பட்டதா? பர்மாவில் நடந்த 1942-43 அரக்கான் போரில் அரைகுறைப் பயிற்சியோடு பையன்கள் அனுப்பப்பட்டார்கள் என்று படித்திருக்கிறேன். வயிற்றை நிரப்பி, எழுத்தும் சொல்லிக்கொடுத்துவிட்டு, காட்டுக்குள் வழி தெரியாமல் சாக விட்டார்கள் என்றால் அந்த முகாமை எப்படி நல்ல முகாம் என்பது?

ஏடுகள்:

நீங்கள் படித்தது உண்மை. புதிய பட்டாலியன்களை உருவாக்குவதற்காகப் பழைய பட்டாலியன்களின் அனுபவசாலிகளை அடிக்கடி பிய்த்தெடுத்தார்கள். பயிற்றுநர்களுக்குப் பஞ்சம். கற்றுக்கொடுத்ததும் பெரும்பாலும் பாலைவனப் போருக்கான பாடம். அதன் விலையை அரக்கானில் கொடுத்தார்கள். அதன்பிறகு 1943 ஜூனில் காலாட்படைக் குழு ஒன்று கூடி ஆராய்ந்து, அடிப்படைப் பயிற்சி ஒன்பது மாதம் இருக்க வேண்டும், அதற்குமேல் இரண்டு மாதம் காட்டுப் போர்ப் பயிற்சி தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதற்காக இரண்டு டிவிஷன்கள் பயிற்சி டிவிஷன்களாக மாற்றப்பட்டன. 14வது டிவிஷன் மத்திய மாகாணத்துச் சிந்த்வாராவிலும், 39வது டிவிஷன் சஹாரன்பூரிலும் அமைந்தன. அரக்கானில் தோற்றுத் திரும்பிய அதே 14வது டிவிஷனிடமே புதியவர்களைப் பழக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

அங்கே நாளின் வடிவமே மாறிவிடும். பரேடு மைதானமும் பளபளப்பும் பின்னுக்குப் போகும். காக்கிக்குப் பதில் பச்சை உடை. மரங்களுக்கிடையே ஓர் ஒற்றையடிப் பாதையில் நடக்கச் சொல்லி, எதிர்பாராத பக்கத்திலிருந்து இலக்குப் பலகையை எழுப்பி, நின்ற நிலையில் சுடச் சொல்வார்கள். இருட்டில் ஓசையில்லாமல் நடப்பது, ஒரு குடுவைத் தண்ணீரை நாள் முழுக்க வைத்துக்கொள்வது, நின்ற இடத்தில் குழி தோண்டி அதிலேயே இரவைக் கழிப்பது, தன் உணவைத் தானே சமைத்துக்கொள்வது ஆகியவை அன்றாடப் பாடங்கள். கிராமத்து இளைஞர்களுக்கு இதில் பல எளிதாக வந்திருக்கும். இரவும் காடும் அவர்களுக்குப் புதியவை அல்ல.

அல்சூர்வாசி:

இதோடு மலேரியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாவாவை 1942இல் ஜப்பானியர் பிடித்ததும் மலேரியா மருந்தான கொய்னாவின் வரத்து அறுந்தது. மாற்றாக மெபாக்ரின் மாத்திரை வந்தது. தொடர்ந்து தின்றால் தோல் மஞ்சளாகும். அது ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தி பரவியதால் பலர் நாக்கடியில் ஒதுக்கித் துப்பினார்கள். ஆகவே வரிசையில் நிறுத்தி, விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பொழுது சாய்ந்ததும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட வேண்டும் என்பதும் கட்டளை. மறந்தவனுக்குத் தண்டனை உண்டு.

சாப்பர்களின் நாள் இன்னும் வேறு. முடிச்சுப் போடுவதில் தொடங்கி, மரத்தைக் கட்டிப் பாலம் அமைப்பது, பெய்லி பாலத்தின் இரும்புச் சட்டங்களை ஆறாறு பேராகத் தூக்கிப் பொருத்துவது, கண்ணிவெடி தேடுவது என்று போகும். கண்ணிவெடிப் பயிற்சியில் குப்புறப் படுத்து, பயனெட் என்ற துப்பாக்கிக் கத்தியின் முனையைச் செங்குத்தாகக் குத்தாமல் சாய்வாக மண்ணுக்குள் செலுத்தி, அங்குலம் அங்குலமாக முன்னேற வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் முனை வெடியின் மேல்தட்டை அழுத்திவிடும். சாய்வாகப் போனால் பக்கச்சுவரில்தான் தட்டும். தட்டுப்பட்டதும் கையை உயர்த்தி, அசையாமல் படுத்துக்கிடக்க வேண்டும். பயிற்சியில் புதைத்திருந்தவை வெற்று வெடிகள்தான். ஆனாலும் ஒரு பகல் முழுக்க இப்படி மண்ணைத் தடவியவர்களுக்கு மாலையில் விரல்கள் நடுங்கும் என்பார் என் தந்தையார். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து விழுந்து, உடனிருந்தவர்களைக் காத்துத் தன் உயிரைக் கொடுத்து ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர் படையைச் சேர்ந்த தமிழர். அவரும் இதே பாடத்தைக் கற்றவர்தான்.

த்ரீநாட்த்ரீ:

மாலை விளையாட்டையும் விட்டுவிடக் கூடாது. ஹாக்கி, கால்பந்து, கபடி ஆகியவற்றில்தான் வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாதிப் பையன்கள் ஒருவரையொருவர் தொட்டுப் பழகினார்கள். மதராஸ் படைகளில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எல்லோரும் ஒரே கம்பெனியில் கலந்திருந்தார்கள். ஊரில் ஒரே தெருவில் நடக்க முடியாத இருவர் அங்கே ஒரே பாரக்கில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தார்கள். விடுப்பில் ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பழைய தெரு அவர்களுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்பதை, உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுப்பில் சேர்த்தால் அதற்கு ஈடு இராது.

பொருநைக்கரை:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே ஓர் ஐயம். தாத்தா 1942 நவம்பரில் சேர்ந்தார், பட்டாலியனுக்கு மாற்றப்பட்டதாக அடுத்த பதிவு 1943 டிசம்பரில் இருக்கிறது. இடைப்பட்ட ஓராண்டுக்கும் மேலான காலத்தில் அவர் மதுக்கரையிலேயே இருந்தாரா, அல்லது காட்டுப் பயிற்சிக்கும் போயிருப்பாரா?

ஏடுகள்:

ஒன்பது மாதமும் இரண்டு மாதமும் சேர்ந்தால் பதினொன்று. வழிப்பயணமும் விடுப்பும் சேர்த்தால் உங்கள் தேதிகளுக்குள் அது அடங்கிவிடுகிறது. புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்த முதல் அணிகளில் அவர் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் தேதிகளை மட்டும் வைத்து உறுதி செய்துவிடாதீர்கள். தாளின் பின்பக்கத்தில் இடமாற்றப் பதிவுகள் சுருக்கெழுத்தில் இருக்கும். 14 அல்லது 39 என்ற எண்ணோ, பயிற்சி பட்டாலியன் என்ற குறிப்போ இருக்கிறதா பாருங்கள். தடுப்பூசிப் பக்கத்தில் ஊசி போட்ட இடத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால் அதுவும் உதவும். அந்தப் பக்கங்களின் படத்தை இங்கே இட்டால் சேர்ந்து படிக்கலாம். படை எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.